உள்பக்கச் சக்கரம்

ஏழாம் அத்தியாயம்

டேப்பின் ஒரு நுனியை எட்டு சார் காலால் மிதித்துக்கொண்டு நின்றார். மறு நுனி என் கையில் இருந்தது. டயர் தடத்துக்கு டயர் தடம் ஒரு மீட்டர் முப்பத்தெட்டு. எழுதிக்கொண்டு மறுபடி அளந்தேன். அதே முப்பத்தெட்டு. மூன்றாவது தடவைக்குக் குனிந்தபோது அவர் காலை எடுத்துவிட்டார்.

"ரோடு வளராது, நோட்டு."

"நான் தப்பா அளந்திருக்கலாம் சார்."

"ரெண்டு தடவையும் ஒரே மாதிரி தப்பா அளக்கறதுக்குத் தனித் திறமை வேணும். உனக்கு அது கிடையாது."

மணி பதினொன்று இருபது. நான்கு மணிக்கு நீதிபதியின் அறைக்கு டிரைவரைக் கூட்டிப்போய்விடுவார்கள். அங்கே அவர் 'வண்டியை ஓட்டியது நான்தான், தப்பு என்னுடையதுதான்' என்று சொல்லி முடித்துவிட்டால், அதற்கப்புறம் நாங்கள் எதை அளந்தும் பயனில்லை.

முந்தாநாள் காலை ஒன்பதேகால் மணிக்கு இந்த வளைவில்தான் டாக்டரம்மாவின் ஜீப் தபால்காரர் மேல் மோதியது. கீழே டாக்டரம்மா வீடு. மேலே மெயின் ரோடும் பஸ் ஸ்டாப்பும். நடுவில் ஏற்றத்தில் கொண்டை ஊசி போல ஒரே ஒரு வளைவு. தார் பெயர்ந்துபோய் வெறும் மண்ணும் சரளைக்கல்லும்தான் பாக்கி. தபால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளி ஓரமாக ஏறிக்கொண்டிருந்தார். ஜீப்பின் பின்பக்கம் அவரை அடித்துப் பள்ளத்தில் தள்ளிவிட்டது. இன்னும் அவருக்கு நினைவு திரும்பவில்லை. டிரைவர்தான் அவரைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோடு வரை ஓடி, வந்த வண்டியை மறித்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

டிரைவரின் மனைவி எங்கள் காரின் பின்சீட்டில் இருந்தார். மடியில் இஸ்திரி போட்ட சட்டை ஒன்று. மடிப்பு கலையக் கூடாது என்று அதன் மேல் கையைக்கூட வைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா அளக்கறீங்க?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டார். "அவர் ஓட்டலைன்னு சொல்லியா நான் உங்ககிட்ட வந்தேன்? ஓட்டினாரு. ஆனா தப்பு அவர் மேல இல்ல. இருபத்திரண்டு வருஷமா ஓட்டறாரு, ஒரு கோழிக்குஞ்சு மேலகூட ஏத்தினதில்ல. வண்டியில ஏதோ கோளாறு. அதைக் கண்டுபிடிங்க."

"கண்டுபிடிச்சிடலாம்க்கா. சாருக்கு வண்டின்னா உசிரு. மனுஷங்கன்னாதான் ஃபெயில் போட்டுருவாரு."

அந்த அக்கா சிரிக்கவில்லை. சொன்னது தப்போ என்று எனக்கு உடனே தோன்றியது. பதற்றம் வந்தால் என் வாய் லைசென்ஸ் இல்லாமல் ஓடும்.

சொன்னது பொய்யில்லை. எட்டு சார் ரிட்டையர் ஆவதற்கு முன் வாகன ஆய்வாளர். லைசென்ஸுக்கு வந்தவர்களை மைதானத்தில் எட்டு போடச் சொல்லி, ஊரில் பாதிப் பேரைத் திருப்பி அனுப்பியவர். பெயர் அப்படித்தான் வந்தது. அந்தப் பாதிப் பேரில் நானும் ஒருத்தி. ரிட்டையரான பிறகு விபத்து வழக்குகளைத் துருவிப் பார்க்கும் அவரிடமே வேலைக்குச் சேர்ந்து, சாயங்காலம் ஆட்டோமொபைல் வகுப்புக்கும் போகிறேன்.

"ஸ்டேட்மெண்டைப் படி," என்றார்.

டிரைவர் போலீஸில் எழுதிக் கொடுத்ததன் நகலை எடுத்தேன். "'வளைவில் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். உள்பக்கப் பின்சக்கரம் தூக்கிக்கொண்டு சும்மா சுற்றியது. இழுவை போய் வண்டி பின்னால் சறுக்கியது. பிரேக் அடிப்பதற்குள் அவர் மேல் பட்டுவிட்டது.'"

"இப்ப கீழ பாரு."

வளைவின் உள் ஓரத்தில் ஒரு நீளக் குழி. வருஷக்கணக்காக அதே இடத்தில் ஒற்றைச் சக்கரம் சுற்றிச் சுற்றிப் பறித்த பழைய குழி. உள்ளே புல்கூட முளைத்திருந்தது. போலீஸ் கல் அடுக்கி வைத்திருந்த இடத்திலோ புதுத் தடம். சரளையை வாரி எறிந்துவிட்டு, வெளிப்பக்கமாக வளைந்துபோன இரண்டு கோடுகள். இரண்டும் ஒரே ஆழம்.

"ஒரு சக்கரம்தான் சுத்துச்சுன்னா ஒரு கோடுதானே இருக்கணும்?" என்றேன். "இல்ல, எனக்குத் தெரியல சார். இருக்கலாம்…"

"உன் வகுப்புல இதுக்கு என்ன சொன்னாங்க?"

போன மாதக் குறிப்பைப் புரட்டினேன். இரண்டு பேர் கைகோத்துத் தெருமுனையில் திரும்புவது போல என்று எழுதி வைத்திருந்தேன். வெளிப்பக்கம் இருப்பவன் அதிக தூரம் நடக்க வேண்டும். சக்கரங்களும் அப்படியே. அவரவர் வேகத்தில் போகட்டும் என்று விடுவதுதான் சாதாரண டிஃபரன்ஷியல். அதில் ஒரு தொல்லை உண்டு. ஒருத்தன் கால் வழுக்கித் துழாவ ஆரம்பித்தால் என்ஜினின் பலம் முழுக்க அவனுக்கே போய்விடும். மற்றவன் சும்மா நிற்பான். லிமிட்டட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் என்று ஒன்று இருக்கிறது. அதில் உள்ளே இருக்கும் தகடுகள் இருவரையும் இடுப்பில் ஒரே துண்டால் கட்டிப் போட்டுவிடும். ஒருத்தன் மட்டும் தனியாகத் துழாவ முடியாது. வழுக்கினால் இரண்டு பேரும் சேர்ந்தே வழுக்குவார்கள்.

"ரெண்டு கோடு," என்றேன். குரல் என்னை அறியாமல் உயர்ந்துவிட்டது. "சார், இந்த ஜீப்புல லிமிட்டட் ஸ்லிப் இருக்கு."

"இருபத்திரண்டு வருஷ டிரைவருக்கு அது தெரியல," என்றார் அவர். "ஏறு."

காரில் ஏறும்போது அந்த அக்கா, "வண்டி விஷயம்னா சின்னவனைக் கேட்டிருக்கலாம்," என்றார். "என் தம்பி. அந்த ஜீப்பைப் பார்க்கிற வொர்க்‌ஷாப்லதான் மெக்கானிக். ஆனா ரெண்டு நாளா வீட்டுக்கே வரல. மாமாவை உள்ள வச்சதைத் தாங்க முடியல அவனுக்கு. வொர்க்‌ஷாப்லயே படுத்துக்கறானாம்."

அதையும் எழுதிக்கொண்டேன். எல்லாவற்றையும் எழுதிக்கொள்வது என் பழக்கம்; சார் என்னை 'நோட்டு' என்று கூப்பிடுவதும் அதனால்தான். எது முக்கியம் என்று எனக்கு எப்போதுமே முன்கூட்டித் தெரிவதில்லை.

*

டாக்டரம்மா ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் நடுவில் எங்களுக்கு ஐந்து நிமிஷம் கொடுத்தார். அதில் ஒரு நிமிஷம் கை கழுவுவதிலேயே போனது.

"ஆமா, மாத்தினேன். டிரைவர் பத்து நாள் லீவுல இருந்தாரு, அப்பதான். மழை பெஞ்சா என் வீட்டு வாசல்ல ஜீப் ஒத்தச் சக்கரத்தைச் சுத்திக்கிட்டு நிக்கும், நான் நடந்து போவேன். இதைப் போட்டா சேத்துல நிக்காதுன்னு வொர்க்‌ஷாப் மேஸ்திரி சொன்னாரு."

"டிரைவர்கிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்தார்.

"திரும்பி வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன். அவர் வர வேண்டிய அன்னிக்குக் காலையில ஏழு மணிக்கே ஆம்புலன்ஸ் வந்து அவசர ஆபரேஷன் பண்ண என்னைக் கூட்டிட்டுப் போயிடுச்சு. சாவி எப்பவும் ஷெட்டுல ஆணியிலதான் தொங்கும். நான் சொல்லலியேன்னு ரெண்டு நாளா தூக்கமில்ல."

எட்டு சார் நிதானமாகக் கேட்டார். "உங்களுக்கு அது பழகிடுச்சா டாக்டர்?"

"எங்க பழகிச்சு? முதல் நாள் வளைவுல ஸ்டியரிங்கைத் திருப்பினா மூக்கு கேக்கவே இல்ல. நான் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். அப்பறம் அந்த மெக்கானிக் பையன் சொல்லிக் கொடுத்தான். 'திரும்பும்போது காலை எடுத்துடுங்க, திரும்பி முடிச்சப்புறம் பூ மாதிரி கொடுங்க, நடுவுல மட்டும் மிதிச்சிடாதீங்க'ன்னு. அதுல ஓரளவு சமாளிச்சேன். சத்தம்தான் தாங்க முடியல. கொஞ்சம் திருப்பினாலே பின்னாடி கடகடன்னு எலும்பு முறியற மாதிரி. உள்ள இருக்கற தகடு இன்னும் படியல, எண்ணெய் மாத்தினா சரியாயிடும்னு மேஸ்திரி சொன்னாரு. டிரைவர் வந்தா கொண்டு வரட்டும், இல்லாட்டி உங்க ஆளை அனுப்புங்கன்னு சொல்லியிருந்தேன்."

வெளியே வந்ததும் என்னால் நடக்க முடியவில்லை, ஓடினேன். காருக்குள் தலையை நீட்டி, "அக்கா, கேஸ் முடிஞ்சுது," என்றேன். "வண்டியோட குணத்தையே மாத்தியிருக்காங்க. அவர்கிட்ட மூச்சு விடல. தெரியாத வண்டியை ஓட்டச் சொல்லிட்டு அவர் மேல தப்பு சொன்னா எந்த நீதிபதி கேப்பாரு?"

அந்த அக்கா முகத்தில் இரண்டு நாளாக இல்லாத ஏதோ ஒன்று வந்தது. "அப்ப நாலு மணிக்கு…"

"நாலு மணிக்கு அவர் வீட்டுக்கு வருவாரு."

எட்டு சார் கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு திருகாமல் உட்கார்ந்திருந்தார். என்னை அவர் அப்படிப் பார்ப்பது நான் எட்டின் நடுவில் காலை ஊன்றிய அன்றுக்கு அப்புறம் இதுதான் முதல் தடவை.

*

ஸ்டேஷனுக்குப் போனபோது மணி ஒன்றரை. இன்ஸ்பெக்டருக்கு லைசென்ஸ் கொடுத்தது எட்டு சார்தான். நாலாவது முயற்சியில். அந்த மரியாதைக்கோ பயத்துக்கோ டிரைவரோடு பேசப் பத்து நிமிஷம் கிடைத்தது. மனைவியை உள்ளே விடவில்லை. சட்டையை மட்டும் என்னிடம் கொடுத்தனுப்பினார்.

டிரைவர் ஒல்லியான மனிதர். பெஞ்சில் கூட வண்டி ஓட்டுவது போலவே நேராக உட்கார்ந்திருந்தார். நான் மூச்சு வாங்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். புது டிஃபரன்ஷியல், இரண்டு கோடு, டாக்டரம்மா சொல்ல மறந்தது.

அவருக்குச் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது வேறு. முகத்தில் இருந்த ரத்தம் அப்படியே இறங்கியது.

"மாத்திட்டாங்களா?" என்றார். பிறகு அவசரமாக, "ஆமா, ஆமா. ரெண்டு சக்கரமும்தான் சுத்துச்சு. பதட்டத்துல மாத்திச் சொல்லிட்டேன். எழுதிக்கம்மா, ரெண்டு சக்கரமும்."

நான் பேனாவை எடுத்தேன். எட்டு சார் என் கையை லேசாகத் தொட்டு நிறுத்தினார்.

"அது இருக்கட்டும். கீழ டாக்டர் வீட்டு வாசல்ல இருந்து வளைவு வரைக்கும் வண்டி எப்படி இருந்துச்சு? கேட் பக்கத்துல ரெண்டு சின்னத் திருப்பம் இருக்குல்ல?"

"நல்லா இருந்துச்சு சார்."

"ஸ்டியரிங்?"

"வெண்ணெய் மாதிரி. எப்பவும் போலத்தான்."

"சத்தம் எதாவது?"

"ஒரு சத்தமும் இல்ல சார். என் கையில வளர்ந்த வண்டி அது. சத்தம் வந்தா எனக்குத் தெரியாதா?"

சரியாகப் பதில் சொல்லிவிட்ட நிம்மதி அவர் தோளில் தெரிந்தது. எனக்கோ டாக்டரம்மா சொன்னது காதில் கேட்டது. கடகடவென்று எலும்பு முறிகிற சத்தம். மூக்கு கேட்காத ஸ்டியரிங். வாசலிலேயே இரண்டு தடவை அது கத்தியிருக்க வேண்டும். இந்த மனிதர் அந்த வண்டியை எடுக்கவே இல்லை. அவர் எழுதிக் கொடுத்தது முந்தாநாள் விபத்தை அல்ல. இருபத்திரண்டு வருஷமாக அந்த வளைவில் அவருக்குப் பழக்கமான பழைய ஜீப்பை.

"யாரைக் காப்பாத்தறீங்க?" என்று எட்டு சார் கேட்டார்.

"ஓட்டினது நான்தான் சார்."

"ஜெயிலுக்குப் போற வயசா உங்களுக்கு? தபால்காரருக்கு ஏதாவது ஆச்சுன்னா எத்தனை வருஷம் தெரியுமா?"

"என்கிட்ட லைசென்ஸ் இருக்கு. இத்தனை வருஷம் ஒரு புகார் இல்ல. எனக்குன்னா கொஞ்சம் குறைச்சுப் போடுவாங்க." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. சட்டையை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

வெளியே அவர் மனைவி படிக்கட்டிலேயே நின்றிருந்தார். "சொன்னீங்களா? சந்தோஷப்பட்டாரா?"

என் வாய் எதற்கெல்லாமோ ஓடும். அதற்கு ஓடவில்லை. "நாலு மணிக்குள்ள வந்துடறோம்க்கா," என்றேன். அவர் ஸ்டேஷன் வாசலை விட்டு நகர மறுத்தார். கோர்ட்டுக்குக் கூட்டிப் போகும் வேனுக்குப் பின்னாலேயே ஆட்டோவில் வந்துவிடுவதாகச் சொன்னார்.

"லைசென்ஸ் இல்லாத ஒருத்தர்," என்றேன் காரில். "சாவி ஆணியில தொங்கறது தெரிஞ்சவர். அவருக்காக இவர் ஜெயிலுக்குப் போகத் தயார். எழுதட்டுமா சார்? இல்ல, நான் அவசரப்படறேனா?"

"இந்தத் தடவை அவசரப்படு," என்றார் எட்டு சார்.

*

வொர்க்‌ஷாப்பின் பின்னால் பெரிய சிமெண்டு முற்றம். அதன் நடுவே கறுப்பாக ஒரு எட்டு. பெயிண்ட் இல்லை, டயர் தேய்ந்து தேய்ந்து விழுந்த எட்டு. எட்டு சார் அதன் ஓரமாகவே நடந்து சுற்றி வந்தார்.

"இங்க யாரு டெஸ்ட் எடுக்கறாங்க மேஸ்திரி?"

மேஸ்திரிக்குப் பெருமை. "இது டெஸ்ட் இல்லைங்க. லிமிட்டட் ஸ்லிப் புதுசா மாட்டினா எட்டு போட்டே ஆகணும். மெதுவா, அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு. அப்பதான் உள்ள தகடெல்லாம் ஒண்ணோட ஒண்ணு பழகும். முப்பது எட்டு. அதுக்கப்புறம் எண்ணெயை மாத்தணும். எல்லாம் கார்டுல இருக்கு பாருங்க."

சுவரில் வண்டிக்கு ஒரு கார்டு. டாக்டரம்மா ஜீப்பின் கார்டை எடுத்தேன். 'மாட்டியது: மேஸ்திரி. எட்டு 30: சின்னவன்.' அதற்குக் கீழே முந்தாநாள் தேதி. 'எண்ணெய் மாற்ற வண்டி எடுக்கப் போனது: சின்னவன். வண்டி இல்லை, திரும்பினான்.'

என் விரல் அந்த வரியிலேயே நின்றுவிட்டது. 'எல்லாவற்றையும் எழுதிக்கொள்வேன்' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிற நான், காலையில் எழுதிய அந்தப் பெயரைத் திரும்ப ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

"அவன் போயிட்டு எப்ப வந்தான்?" என்று எட்டு சார் கேட்டார்.

"பதினோரு மணி இருக்கும். பஸ்ல போயி, டாக்டர் வீடு வரைக்கும் இறங்கி நடந்திருக்கான். ஆணியில சாவி இல்லையாம். டிரைவர் எடுத்துட்டுப் போயிட்டாருன்னு திரும்பிட்டான்."

"விபத்தைப் பத்தி என்ன சொன்னான்?"

"அவனுக்கு எங்க தெரியும்? சாயங்காலம் நான் சொல்லித்தான் தெரியும்."

எட்டு சார் என்னைப் பார்த்தார். பஸ் ஸ்டாப்பிலிருந்து டாக்டர் வீட்டுக்கு ஒரே வழி. நடுவில் ஒரே வளைவு. போகும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை அதைத் தாண்டியே ஆக வேண்டும். குறுக்கே ஜீப், பள்ளத்தில் சைக்கிள், ரோடெல்லாம் கடிதம், ஒரு ஊர்க் கூட்டம். இதையெல்லாம் தாண்டி வந்தவனுக்கு விபத்து நடந்தது சாயங்காலம்தான் தெரியுமாம்.

சின்னவன் ஒரு லாரியின் அடியில் படுத்திருந்தான். கையில் ஸ்பேனர் இருந்தது, வேலை எதுவும் நடக்கவில்லை. இருபத்திரண்டு வயது இருக்கலாம். அக்காவின் அதே கண்.

"வெளிய வா தம்பி," என்றார் எட்டு சார்.

அவன் வந்தான். எட்டு சாரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. "நீங்க என்னை ஃபெயில் பண்ண சார்தானே?"

"ரெண்டு வருஷம் முன்னாடி. எட்டு நல்லாத்தான் போட்டே. கை காட்டாம திரும்பினே." அவர் குரல் ஒரு நொடி தடுமாறியது. "அதுக்கப்புறம் ஏன் நீ வரவே இல்ல?"

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். எட்டு சார் விபத்தைப் பற்றி அவனை எதுவும் கேட்கவில்லை. "நாலு மணிக்கு உங்க மாமா நீதிபதிகிட்ட போய், ஓட்டினது தான்தான்னு சொல்லப் போறாரு. இப்ப மணி மூணு. எனக்குத் தெரிஞ்சதை நான் எப்படியும் அங்க சொல்லுவேன். அதை நீ சொன்னா நல்லா இருக்கும்," என்றார்.

சின்னவன் லாரிச் சக்கரத்தில் சாய்ந்து கீழே உட்கார்ந்தான்.

"முப்பது எட்டு போட்டேன் சார். அதோட குணம் எனக்கு அத்துப்படின்னு நினைச்சுட்டேன். டாக்டரம்மாவுக்கே பாடம் எடுத்தேன். இங்க சிமெண்டு, மெதுவாப் போட்டேன். அங்க மண்ணு. வளைவுல மூக்கு திரும்பல. கொஞ்சம் மிதிச்சா திரும்பிடும்னு நடுவுல மிதிச்சுட்டேன். எதைச் செய்யாதீங்கன்னு அவங்களுக்குச் சொன்னேனோ அதையே. ரெண்டு சக்கரமும் ஒண்ணா விட்டுடுச்சு. பின்பக்கம் அப்படியே வீசுச்சு." உள்ளங்கையால் முகத்தை அழுத்திக்கொண்டான். "தபால்காரர் எனக்கு வழி விட்டு ஒதுங்கி நின்னாரு சார். சிரிச்சாரு."

"மாமா?"

"லீவு முடிஞ்சு அப்பதான் பஸ்ஸைவிட்டு இறங்கி வந்துக்கிட்டிருந்தாரு. பார்த்தாரு. ஒரு வார்த்தை திட்டல. 'காட்டுக்குள்ள புகுந்து போடா, அக்காகிட்ட மூச்சு விடாதே'ன்னாரு. ரெண்டு நாளா லாரிக்கு அடியிலேயே கிடக்கேன். மூணு தடவை ஸ்டேஷன் வாசல் வரைக்கும் போனேன். அக்கா படியில நிக்குது. அதைத் தாண்டி என்னால உள்ள போக முடியல."

அவன் எங்களோடு காரில் ஏறினான். கையைத் துடைக்கக் கழிவுத் துணி ஒன்றைக் கொண்டுவந்து, கோர்ட் வரும் வரை துடைத்துக்கொண்டே வந்தான்.

"அந்த அக்காகிட்ட நான்தான் சொன்னேன் சார், நாலு மணிக்கு அவர் வீட்டுக்கு வருவார்னு," என்றேன்.

"வருவாரு," என்றார் எட்டு சார். வேறு எதுவும் சொல்லவில்லை.

*

நீதிபதி அறைக்கு வெளியே நீளமான வராந்தா. மணி மூன்று நாற்பத்தெட்டு. டிரைவர் இஸ்திரி போட்ட சட்டையில், இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே நின்றிருந்தார். பத்தடி தள்ளி அவர் மனைவி. எங்களைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தார். பிறகு எங்களுக்குப் பின்னால் வந்தவனைப் பார்த்தார்.

"நீ எப்படிடா வந்தே? மாமாவைப் பார்க்கவா?"

"இவனை எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?" என்றார் டிரைவர். அவர் குரலை அப்படி நான் கேட்கவில்லை அதுவரை. "போடா வீட்டுக்கு. சார், ஓட்டினது நான்தான், எழுதிக் கொடுத்தாச்சு, முடிஞ்சுது. போடா."

அந்த அக்கா புருஷனைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சொல்லியிருக்க வேண்டும். ஒவ்வொன்றாக, வரிசையாக, எழுதி வைத்திருந்தேன். அவர் என் முகத்திலேயே எல்லாவற்றையும் படித்துவிட்டார்.

"ஓட்டினது நீயா?"

"ஆமாக்கா."

"லைசென்ஸ் இல்லாம?"

"ஆமாக்கா."

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் தம்பியின் கையிலிருந்த எண்ணெய்த் துணியைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். உள்ளே போகிறவன் கையில் அது இருக்கக் கூடாது என்பது போல. பிறகு புருஷனிடம் போனார்.

"எனக்காகத்தான் செஞ்சீங்க. தெரியுது."

"அவன் சின்னப் பையன்டி. அவனுக்கு லைசென்ஸ்கூட இல்ல, பெரிசாப் போட்டுருவாங்க. எனக்குன்னா ரெண்டு மூணு வருஷம். நான் இருந்துட்டு வந்துடுவேன்."

"நீங்க இருந்துட்டு வருவீங்க. அவன்?" என்றார் அவர். "ரெண்டு நாளைக்கே வீட்டுக்கு வராம வொர்க்‌ஷாப்புல படுத்துக் கிடக்கான். மூணு வருஷம் எங்க போய்ப் படுப்பான்?"

டிரைவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், வேண்டாம் வேண்டாம் என்று. போலீஸ்காரர் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, கூப்பிடுவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது என்பது போல ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"யார் போறீங்க உள்ள?" என்று கதவைத் திறந்த குமாஸ்தா கேட்டார்.

அந்த அக்காதான் தம்பியின் முதுகில் கையை வைத்தார். தள்ளவில்லை. வைத்தார். அவன் நடந்தான். எட்டு சார் அவனோடு கூடவே உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. டிரைவர் சாத்திய கதவையே பார்த்துக்கொண்டு, பிறகு சுவரோடு சரிந்து குந்தி உட்கார்ந்தார்.

நான் அவர் மனைவியின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்பதா, ஆறுதல் சொல்வதா என்று தெரியவில்லை. இரண்டுமே தப்பாகத்தான் இருந்திருக்கும்.

டாக்டர் வீட்டிலும் வொர்க்‌ஷாப்பிலும் தெரிந்ததை வரிசையாகச் சொன்னேன்; கேட்டு முடித்ததும் அவர் பேசினார்.

"என் வீட்டுக்காரரை வெளிய கொண்டு வாங்கன்னு கேட்டேன். கொண்டு வந்துட்டீங்க."

நான் நோட்டை மூடி மடியில் வைத்தேன்.

"இப்ப என் தம்பியை வெளிய கொண்டு வாங்க."

"அக்கா, உங்க தம்பிதான் ஓட்டினாரு. அதை நாங்களே…"

"ஓட்டினான். யாரு இல்லைன்னா? லைசென்ஸ் இல்லைன்னு தெரிஞ்சே அவனை அனுப்பினது யாரு? இன்னும் படியாத வண்டியோட சாவியை ஆணியில மாட்டி வச்சது யாரு? அதெல்லாம் உள்ள யாராவது கேப்பாங்களா?"

"கேக்க வைக்கலாம். ஆனா அது போதுமான்னு எனக்குத் தெரியலக்கா." அந்த மாதிரி ஒரு வாக்கியத்தை நான் என் நோட்டில் ஆயிரம் தடவை எழுதியிருப்பேன். வேறொருவர் முகத்தைப் பார்த்துச் சொன்னது அன்றுதான்.

"தெரியாட்டிப் பரவாயில்ல," என்றார் அவர். "தெரியும் தெரியும்னு காலையில சொன்னீங்களே, அதைவிட இது மேல். பேனா இருக்கா? அந்தத் தபால்காரருக்கு வீட்டுல யார் யார் இருக்காங்கன்னு விசாரிக்கணும். முதல்ல அங்கதான் போகணும், நானே வரேன். அப்பறம் சின்னவனைப் பத்திச் சொல்றேன், எழுதிக்குங்க. என் கைக்கு வந்தப்ப அவனுக்கு ஏழு வயசு…"

கதவுக்கு உள்ளே யாரோ, "சத்தமா சொல்லுப்பா," என்றார்கள். அவர் ஒரு கணம் நிறுத்தி, காது கொடுத்துக் கேட்டார். பிறகு இன்னும் மெதுவான குரலில், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.